சம்பந்திக்குச் சமைத்த கீரைப் புடிங்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை மத்தியானம், விம்பிள்டனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த சம்பவம் இது. மேசையைச் சுற்றி என் மகள், அவளை மணமுடிக்கப் போகும் ஆங்கிலப் பெடியன், அவனுடைய தாய் தகப்பன், என் மனைவி, நான். நடுவில், பச்சையா கறுப்பா என்று தீர்மானிக்க முடியாத நிறத்தில், துணியிலிருந்து அவிழ்த்து வைத்த ஒரு பெரிய உருண்டை. அதைச் சமைத்தவன் நான்தான்.

அதற்கு முன் ஒரு தடவை, இரண்டு குடும்பமும் ஒரு உணவகத்தில் சந்தித்திருந்தோம். அந்தச் சந்திப்பு முழுக்க ஒரே ஒரு சொல்லில் ஓடியது: லவ்லி. சூப் லவ்லி. ரயில் பயணம் லவ்லி. மழை விட்டது லவ்லி. நாங்கள் அகதியாக வந்த கதையை நான் சொன்னபோது, அந்தத் தாய் பதற்றத்தில் அதற்கும் "லவ்லி" என்று சொல்லிவிட்டு, காது வரை சிவந்துபோனார். நானும் சளைக்கவில்லை. வாயில் வைக்க முடியாத ஒரு மீனை லவ்லி என்று சொல்லி முள் வரை தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, அவைக்கு எங்களோட எப்படிப் பழகிறதெண்டு தெரியேல்லை. பயந்துபோய் இருக்கினம். இப்பிடியே இருந்தால் கலியாணத்துக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒருக்கா லவ்லி சொல்லிப்போட்டுப் போயிடுவினம். அடுத்த முறை வீட்டுக்குக் கூப்பிடுவம். நீங்கள் கொஞ்சம் சாதாரணமா இருங்கோ."

சாதாரணமாக இருப்பது எனக்குக் கை வராத கலை. எதையும் புத்தகத்தில் படித்துத்தான் செய்வேன். நீச்சலைக்கூட அப்படித்தான் படித்தேன், இன்றுவரை நீந்தத் தெரியாது. ஆகவே யோசித்தேன். பெடியனின் தகப்பன் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியா மலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு ஆறேழு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர். அப்படிப்பட்ட மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் பிறந்த பள்ளத்தாக்கின் சாப்பாட்டை எங்கள் கையால் சாப்பிட்டால்? உருகிப்போக மாட்டாரா?

நூலகத்தில் தேடினேன். அப்பக்கத்தில் வசந்த காலத்தில் செய்கிற ஒரு கீரைப் புடிங் அகப்பட்டது. தொட்டால் சுணைக்கிற காஞ்சோண்டிச் செடியின் கொழுந்து, ஈஸ்டர் காலத்தில் முளைக்கும் ஒரு காட்டுக் கீரை, பார்லி, வெங்காயம் எல்லாவற்றையும் துணியில் கட்டி, கொதிநீரில் அவிக்க வேண்டும். ஆனால் ஒரு புத்தகம் "கொஞ்சம் பார்லி" என்றது. இன்னொன்று "போதுமான கீரை" என்றது. எழுதினவர்கள் எல்லாம் என் மாமியாரிடம் சமையல் படித்தவர்கள்போல இருந்தது.

கடைசியில் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சங்கம் ஒன்றின் தொலைபேசி எண்ணைப் பிடித்து அழைத்தேன். வயதான ஒரு பெண்மணி எடுத்தார். முட்டை போடுவதா என்று கேட்டேன். "எங்கள் பள்ளத்தாக்கில் போடுவோம். அடுத்த பள்ளத்தாக்கில் போட மாட்டார்கள்," என்றார். அடுத்த பள்ளத்தாக்கைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் அந்தக் குரலிலேயே தெரிந்தது. எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று கேட்டேன். "அவியும் வரை," என்றார். காட்டுக்கீரை லண்டனில் கிடைக்காது என்று நான் புலம்பியதைக் கேட்டு, முன்பின் தெரியாத அந்த மனிஷி ஈரப் பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம் தபாலில் அனுப்பிவைத்தார். அதை நான் இன்றும் நன்றியோடு நினைப்பேன். பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை.

காஞ்சோண்டிக்குத் தபால் தேவைப்படவில்லை. ட்ராம் பாதையோரம் காடாகக் கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது, பிள்ளையார் கோயிலில் அடிக்கடி காணும் ஒரு அண்ணை அந்த வழியால் வந்தார்.

"என்ன தம்பி, வேலை போயிட்டுதோ?"

"இல்லை அண்ணை. சம்பந்தி பகுதிக்குச் சமைக்கப் போறன்."

என் பையை எட்டிப் பார்த்தார். "கலியாணத்தை நிப்பாட்டிறதெண்டால் நேர சொல்லலாமே. இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

புடிங் கட்டுவதற்கு நல்ல துணி வேண்டியிருந்தது. ஒரு கலியாண வீட்டில் கிடைத்த புது வேட்டியில் ஒரு துண்டு கிழித்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைக்கு முன் ஒத்திகையாக ஒன்று அவித்து, அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். நெடுநேரம் மென்றாள்.

"எப்படி இருக்கு?"

"உப்பு இருக்கு," என்றாள். பிறகு, "ஒரு பச்சை மிளகாய் போடுங்கோவன்."

மூலத்தில் இல்லாததைச் சேர்க்க ஏலாது என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். அவள் பிரசங்கத்தின் நடுவிலேயே தேத்தண்ணீர் போடப் போனாள். இருபத்தெட்டு வருட மண வாழ்க்கையில் அந்தத் தேத்தண்ணீரின் பொருள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. புடிங்கை வெட்டி, தகப்பனின் தட்டில் நடு நாயகமான ஒரு துண்டை வைத்தேன். அது எந்தப் பள்ளத்தாக்கின் முறை, முட்டை ஏன் சேர்த்தோம் என்றெல்லாம் விளக்கினேன். அவருடைய பள்ளத்தாக்கை நான் அவருக்கே விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை. தாய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "லவ்லி," என்றார். பெடியன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர விரும்பவில்லை.

தகப்பன் ஒரு வாய் எடுத்தார். மென்றார். முள்ளுக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அவர் கண் கலங்கினாற்போல எனக்குப் பட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"இதை எங்கள் அம்மா ஒவ்வொரு வசந்தமும் செய்வார்," என்றார் மெதுவாக. "பதினாறு வயதில் நான் வீட்டை விட்டு லொறியில் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். மன்னிக்க வேண்டும். எனக்கு இது பிடிக்காது. ஒருநாளும் பிடித்ததில்லை."

அவருடைய மனைவி கல்லாகிப்போனார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு மாதத்து உழைப்பு, ஒரு வேட்டி, என் மானம் எல்லாம் அந்த மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, என் வாயிலிருந்து ஒரு வசனம் விழுந்தது. "எனக்கும் ஒடியல் கூழ் பிடிக்காது."

ஒடியல் கூழ் என்பது பனங்கிழங்கு மாவில், நண்டு, மீன், இறால் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. யாழ்ப்பாணத்தானாகப் பிறந்தவன் அதற்கு உயிரை விட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். அவருக்கு அதை விளங்கப்படுத்தினேன். கோடை வந்தால் யாராவது ஒருவர் வீட்டுப் பின்வளவில் பெரிய பானை ஏறும், நானும் ஆகா என்று தலையாட்டிக்கொண்டு குடிப்பேன் என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னனீங்கள்? கலியாணம் கட்டின நாள் தொட்டு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிக்கிறனீங்கள்."

"நீர் ஆசையாக் காய்ச்சினீர் எண்டு..."

"எனக்கும் பிடிக்காது," என்றாள் அவள். "உங்களுக்காகத்தான் காய்ச்சினனான்."

மகள் இதை ஆங்கிலத்தில் சொன்னாள். முதலில் சிரித்தவர் அந்தத் தாய். மூக்கால் வருகிற, அடக்க முடியாத சிரிப்பு. தகப்பனின் தோள் குலுங்கியது. பெடியன் முகத்தை மேசைத் துணியில் புதைத்துக்கொண்டான். சிரித்து முடித்ததும் அந்தத் தாய் தன் தட்டைத் தள்ளிவைத்து, "உண்மையைச் சொன்னால், இது புல்லுப்போல இருக்கிறது," என்றார். எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் உருப்படியான வசனம் அது.

மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். மூடி வைத்திருந்த சட்டிகள் வரத் தொடங்கின: இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல், உறைப்பான ஆட்டுக்கறி. நான் வாய் பிளந்து பார்த்தேன்.

"எப்ப சமைச்சனீர்?"

"விடிய, நீங்கள் எழும்ப முதல். பெடியனுக்கு போன் பண்ணி, உங்கட அப்பாவுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டனான். உறைப்புக் கறியெண்டால் உயிராம்."

நான் நூலகம் நூலகமாகத் தேடியதை அவள் ஒரு கேள்வியில் முடித்திருந்தாள். தகப்பன் மூன்று தரம் இடியப்பம் வாங்கினார். மூக்கில் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டார். சொதியை மட்டும் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்றார். மனைவிக்கு அவரை அந்தக் கணமே பிடித்துவிட்டது.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது சம்பந்தி வீட்டார் வந்தால் மனுசன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சி மணம் பார்ப்பார். "அந்தப் பச்சைச் சாமான் இல்லைத்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் உள்ளே வருவார். எங்கள் வீட்டில் இப்போது கூழ் காய்ச்சுவதில்லை. கோடைப் பானைகளுக்கு அழைப்பு வந்தால் நாங்கள் இருவரும் இடியப்பம் அவித்துக்கொண்டு போகிறோம். எத்தனையோ பேர் எங்கள் மேசையில் சாப்பிட்டு, லவ்லி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று சொன்ன அந்த ஒருவர்தான் திரும்பத் திரும்ப வருகிறார்.