எல்லா வேனும் கிழக்கு கேட்டில்

என் அண்ணி பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆறு வேன்கள் வைத்திருக்கிறார். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகச் சில தெருக்களை அடைத்துவிடுவதால் எந்த வேன் எந்த வழியாகப் போவது என்பது மாதாமாதம் மாறும். அந்தப் பட்டியலைப் போட்டுத் தர ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். வேங்கிக்காலில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறவள் நான். என் லேப்டாப்பில் பட்டியல் அழகாக வந்தது.

பௌர்ணமி அன்று சாயங்காலம் அண்ணி போன் செய்தார். "என்னம்மா, பசங்க வழக்கம்போல மேற்கு கேட்ல நிக்கிறாங்க. வண்டிங்க எல்லாம் கிழக்கு கேட்ல நிக்குது!"

ஸ்கூட்டரில் பள்ளிக்கு விரைந்தேன். அதற்குள் ஆசிரியைகள் பிள்ளைகளை மைதானம் வழியாக அழைத்துப்போய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவர் தாளை நீட்டினார். ஒவ்வொரு வரியின் முன்னாலும் "-e" என்று அச்சாகியிருந்தது.

"எல்லா வண்டிக்கும் ஈ போட்டிருந்துச்சு மேடம். ஈஸ்ட் கேட்டுன்னு நெனச்சிட்டோம்."

"தப்பு என்னோடதுங்க" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாம் எழுதும் கட்டளைகளைப் படித்து நடத்துவதுதான் ஷெல். அதில் பல வகை உண்டு; என்னிடம் இருந்தது பாஷ். அண்ணியின் கணினியில் வேறொன்று. அச்சிடச் சொல்லும் 'எக்கோ' கட்டளைக்குப் பின்னால் நான் எழுதிய "-e" பாஷுக்கு ஒரு குறிப்பு. அந்த ஷெல்லுக்கோ அதுவும் அச்சிட வேண்டிய எழுத்து. இது எனக்குத் தெரியாததல்ல. வீட்டு வேலைதானே என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

மறுநாள் எக்கோ இருந்த இடங்களிலெல்லாம், ஷெல்லுக்கு ஷெல் அவ்வளவாக மாறாத 'பிரின்ட்எஃப்' கட்டளையை எழுதினேன். நான்கு ஷெல்களை நிறுவி ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்தேன். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நாலும் ஒண்ணா வருதா?"

"ஒண்ணுல மட்டும் வரல அண்ணி."

"அப்ப அதையும் பாத்துடு."

அதையும் பார்த்துச் சரிசெய்தேன். அன்று தாளை நீட்டிய டிரைவர், "எந்த கேட்டுன்னு தமிழ்லயே எழுதிடுங்க மேடம், யாரும் யோசிக்க வேணாம்" என்றார். சேர்த்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு நானே மேற்கு கேட்டில் போய் நின்றேன். ஆறு வேன்களும் வரிசையாக வந்தன. பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டே ஏறினார்கள்.

அந்த வாரமே அண்ணி கேட்டார்: "கீழ்பென்னாத்தூர்ல வேன் ஓட்றவரு ஒருத்தர் உன் ஸ்கிரிப்ட்டக் கேக்கறாரு. அவரு கம்ப்யூட்டர் வேற மாதிரியாம். குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க."

இரண்டு நாளில் அவரே போனில் பேசினார். "மூணு வண்டிக்கும் சரியா வந்துடுச்சுங்க. நாலாவது எடுக்கப் போறேன், அதுக்கும் வருமா?"

"வரும்ங்க" என்றேன்.