டாக்டரிடம் நீட்டிய தோல் துண்டு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். சில மாதம் பொங்கி, சில மாதம் சுருண்டுவிடும் என் மனசுக்கு பைபோலார் நோய் என்று பெயர். அதற்குச் சாப்பிட்ட லித்தியம் மாத்திரையால் கை நடுங்கி, தையல் கோணலானது. பீஸ்கள் ரிஜெக்ட் ஆயின. டாக்டரிடம் சொல்லாமல் நானே மாத்திரையை நிறுத்தினேன்.

நடுக்கம் போனது. சில வாரங்களில் மனசு மறுபடி பொங்க, இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக முடித்தேன். "இன்னா ஸ்பீடு பாரு!" என்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் என்னைக் காட்டினார். தூக்கமே இல்லாததை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் ஊசி விரலில் இறங்கியும் சிரித்துக்கொண்டே தைத்தேன். பக்கத்து மெஷின் நசீமா அக்காதான் மோட்டாரை நிறுத்தி, அன்றே என்னை வேலூருக்கு அழைத்துப்போனார்.

"கை நடுங்குதுன்னு ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டர்.

"மாத்திரை உங்க வேலை, தையல் என் வேலைன்னு நெனச்சேன் சார்."

"நீ சொன்னாதானேம்மா டோஸ மாத்திப் பாக்க முடியும்?"

இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு, அந்த வாரம் தைத்த தோல் துண்டு ஒன்றையும் அவரிடம் நீட்டுகிறேன். தையலைப் பார்த்து இருவரும் பேசித்தான் டோஸை முடிவுசெய்கிறோம். சூப்பர்வைசர் என் வேகத்தைப் பாராட்டினால் மட்டும் தாமதிப்பதில்லை. நசீமா அக்காவைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிடுகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆம்பூர்