ஆட்டுத் தடம் என்று குறித்த கோடுகள்

பழைய வான்படங்களுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. நாடு விட்டு வந்து நாங்கள் குடியேறிய லின்ஃபீல்ட் வீட்டில் அது அம்மாவின் கைகளில் ஒட்டிவரும் வெங்காய வாசனையோடு கலந்துதான் எனக்கு நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பில் நில அளவையாளராக இருந்த அப்பாவை அதே நகரின் எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகம் மூன்று மாதத்துக்கு வேலைக்கு எடுத்துப் பார்த்தது. விமானத்திலிருந்து முன்னொரு காலத்தில் எடுத்த படங்களைப் பார்த்து வரைபடம் செய்ய வேண்டும். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். பிழை விட்டால் அம்மாவோடு புக்கெகோஹிப் பண்ணைகளுக்கு வெங்காயம் பொதி செய்யப் போகவேண்டியதுதான்.

படங்கள் சாப்பாட்டு மேசையை அடைத்துக் கிடந்தன. நாங்கள் "ரெண்டு கண்ணுப் பெட்டி" என்று அழைத்த கருவி வழியே குனிந்து பார்த்தால், அருகருகே வைத்த இரண்டு தட்டைப் படங்களில் மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். எரிமலைக் கல் நிறைந்த ஒரு மேய்ச்சல் நிலத்தில் நெருக்கமாக ஓடிய மெல்லிய கோடுகளை அப்பா "ஆட்டுத் தடம்" என்று குறித்துவிட்டார். தட்டு வைக்க இடம் தேடி வந்த அம்மா சும்மா ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இது ஆடு நடந்த பாதை இல்லை. ஆரோ கல்லுப் பொறுக்கித் தோட்டம் செய்திருக்கினம்."

"நீர் உம்மட வெங்காயத்தைப் பாரும். படத்தை நான் பாக்கிறன்," என்றார் அப்பா. அன்று கறியில் உப்புக் கூட என்று வேண்டுமென்றே குறையும் சொன்னார்.

ஆனாலும் அம்மாவின் சொல் அவரை அரித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் காரை அந்த நிலத்துக்கே விட்டார். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் வளர்ந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். கீற்றுக் கீற்றாகக் கல்லில்லாத மண். இரு பக்கமும் குவித்த கல்.

"கொத்தக் கொத்தக் கல்லு வரும். பொறுக்கி வரம்பில போட்டால்தான் வத்தாளங்கிழங்கு இறங்கும்," என்றார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரிக் குடும்பங்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நட்ட தோட்டம் அது என்று அப்பாவின் அலுவலகத்தார் பிறகு உறுதிசெய்தார்கள். அந்தப் புல்வெளியில் வெறுங்காலோடு நின்ற அம்மாவைப் பார்க்க எனக்குத் தாங்க முடியாத பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் வரைந்ததை அப்பா அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார். வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் அது தோட்டம் என்று கண்டது யார் என்று அலுவலகத்தில் அவர் வாய் திறக்கவில்லை. வரைபடத்தின் மூலையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் வெங்காயம் பொதி செய்யப் போனார்.

இப்போது அந்த வரம்புகளின் மேல் பண்டகசாலைகள் நிற்கின்றன, ஒரு கல்லும் மிஞ்சவில்லை. போன மாதம், எண்பதை நெருங்கும் அப்பா வீட்டிலிருந்த வரைபடப் பிரதியைத் தேடி எடுத்து, தன் பெயருக்கு மேலே அம்மாவின் பெயரை எழுதி, அவரிடம் நீட்டினார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை உற்றுப் பார்த்தார்.

"பென்சிலாலயோ எழுதினீங்கள்? பேனையால எழுதுங்கோ," என்றார்.