யாரிடமும் தரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்

என் மகளை என்னைத் தவிர வேறு யாருடனும் அனுப்பக் கூடாது என்று டேகேருக்கு எழுதிக் கொடுத்தது சரியா, தப்பா? ஒரு வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாள் சரி என்று தோன்றும். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதே தப்பு என்று தோன்றிவிடும்.

அப்போது நாங்கள் ஸ்ரீராம்புரத்துக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்பிவிடுவார். எனக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஓர் அலுவலகம். மகளுக்கு மூன்று வயது. எங்கள் சந்தின் கடைசியில், ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்குச் சற்று முன்னால், ஒரு வீட்டின் முன்னறையில் டேகேர் நடந்தது. சாலைமேல் சாலையாகப் போட்டுப் போட்டு, அந்த வீட்டுக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டும். வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் தடுப்பு. எங்கள் சந்தில் தரைத்தளத்து வீடுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. நாய் நுழையாமலிருக்கக் கட்டியது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ குழந்தை கடத்தும் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார்கள். எந்த ஊர், எப்போது என்று ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த மறுநாளே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலும் வைத்துக் கொடுத்தேன். டேகேர் நடத்தும் மிஸ்ஸுக்கு அறுபது வயதிருக்கும், மூட்டுவலிக்காரர். தாளை வாங்கிப் பீரோ கதவில் ஒட்டிவைத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மே மாதத்தில் ஒரு வேலைநாள். மூன்றரை மணிக்குக் கீழ்வீட்டு அக்கா போன் செய்தார். மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்பிவிடுவார். என் மகள் அவரை அத்தை என்பாள்.

"மழை புடிச்சிக்கிச்சு, தண்ணி ஏறுது. பாப்பாவ நான் போய் இட்டுனு வந்துடட்டாமா?"

என் ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "வேண்டாங்கா, நானே அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். எதற்காக அப்படிச் சொன்னேன்? கடிதம் ஞாபகம் வந்ததா? அவருக்குச் சிரமம் வேண்டாம் என்றா? கோடை மழைதானே, பத்து நிமிடத்தில் நின்றுவிடும் என்றா? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

பையை எடுக்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் தன் போனில் ரேடார் படத்தைக் காட்டினார். ஊரின் மேற்கே ஒரு சிவப்புத் திட்டு. மேலே காற்று இல்லாததால் மேகம் நகராமல் நின்ற இடத்திலேயே கொட்டுகிறது என்றார். பார்த்துக்கொண்டே இருந்தோம், திட்டு எங்கள் பகுதியை விட்டு நகரவில்லை. அக்காவைத் திரும்ப அழைத்தேன், தயவுசெய்து கூட்டி வந்துவிடுங்கள் என்று சொல்ல. இணைப்பு கிடைக்கவில்லை. மிஸ்ஸின் போனும் அப்படியே. ஆட்டோவில் உட்கார்ந்து மாற்றி மாற்றி இருவரையும் அழைத்தபடி வந்தேன்.

ரயில்வே அண்டர்பாஸுக்கு முன்னால் வண்டி நின்றது. உள்ளே ஒரு பேருந்தின் கூரை மட்டும் தெரிந்தது. "எறங்கிக்கோங்க மேடம். இதுக்கு மேல ஆட்டோ போவாது, படகு புக் பண்ணுங்க" என்றார் ஓட்டுநர். நடைமேம்பாலம் ஏறி ஓடினேன். சந்து முனையில் ஆண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ராஜகாலுவே நிரம்பித் தண்ணீர் சந்துக்குள் திரும்பி, ஒரு பைக்கை உருட்டிக்கொண்டு வந்தது. நான் இறங்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்கள். குழந்தை உள்ளே இருக்கிறது என்றேன். தெரியும், நீங்கள் விழுந்தால் உங்களைத் தேடவும் ஆள் வேண்டும் என்றார் ஒருவர். நின்ற இடத்திலிருந்து டேகேரின் ஷீட் கூரை தெரிந்தது. நாற்பது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

மழை விட்டுத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் போனேன். மற்ற குழந்தைகளை ஆரம்பத்திலேயே அக்கம்பக்கத்தார் தூக்கிப்போய் மாடிகளில் வைத்திருந்தார்கள். என் மகள் மட்டும் டேகேரின் சமையல் மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டு அக்கா தண்ணீரில் நின்றபடி இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தார். மிஸ் கட்டில்மேல் நின்றிருந்தார். நான் வேண்டாம் என்றும் அக்கா வந்திருக்கிறார். மிஸ் தரவில்லை. அக்காவும் திரும்பிப் போகவில்லை. தண்ணீர் தடுப்பைத் தாண்டி வந்த பிறகு இருவராலுமே வெளியேற முடியாமல் போயிருக்கிறது.

"நானு ஏனு மாட்லி மேடம், என்ன பண்றது? நீங்கதான எழுதிக் குடுத்தீங்க" என்றார் மிஸ். பதறினால் அவருக்குக் கன்னடம் கலந்துவிடும்.

அக்கா புடவையைப் பிழிந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, மிஸ்ஸே படிச்சிக் காட்டினாங்க கண்ணு. யாருக்கும் தரக் கூடாதாமே. அதுல நானும் ஒருத்திதான?"

மகளைத் தூக்கினேன். அவள் அத்தையின் முந்தானையை விடாமல் பிடித்திருந்தாள்.

சில நாள் கழித்து மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று டீ போட்டுக் கொடுத்தார். ஆனால் இப்போது மகள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால், முன்போலத் தூக்குவதில்லை. "அம்மாவைக் கேட்டுனு வா" என்று மேலே அனுப்பிவிடுகிறார்.

இந்த ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்க்கிறோம். படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர்கள். அக்காவின் பெயரைப் பென்சிலால் எழுதினேன், அழித்தேன். அன்று மிஸ் தாமதமில்லாமல் கொடுத்திருந்தால் மகள் நனையாமல் வீடு வந்திருப்பாள். சற்றுத் தாமதித்துக் கொடுத்திருந்தால், பைக்கை உருட்டிய அந்தத் தண்ணீரில் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்று மதியமும் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை படிவத்தைக் கொடுக்க வேண்டும். தாழ்வான தெருவில் வீடும், தூரத்தில் வேலையும் இருக்கிற தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வரியில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். அக்காவின் பெயரை எழுதலாம் என்றால், அதற்குச் சம்மதமா என்று நான் எந்த முகத்தோடு போய் அவரிடம் கேட்பது என்பதையும் சொல்லுங்கள்.