காகிதப்பை போட்ட கதிர்கள்

ஒருவரை முனைவர் பட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி என்று என்னைக் கேட்டால், ஊரார் பிள்ளையை ஐந்தாறு வருடம் வாங்கி வைத்துக்கொண்டு, அவன் எதைச் சொன்னாலும் “அதைத்தான் நானும் நினைத்தேன்” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்பேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் கோவில்பட்டிக் கல்லூரி ஒன்றில் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். சம்பளமும் கொடுத்தார்கள்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும் மாணவன் வெறுங்கையோடு ‘கைடு’ முன்னால் வந்து நிற்க மாட்டான். கறிவேப்பிலையாவது கொண்டு வருவான். “எதுக்குப்பா இதெல்லாம்?” என்று கேட்டுக்கொண்டே பையை அகலமாக விரித்துப் பிடிப்பது கைடுகளின் பழக்கம். நானும் ஒன்றும் விதிவிலக்கல்ல.

என் முதல் மாணவனுக்குக் குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சம்சாரி, அதாவது விவசாயி. எந்தச் சோளம் வறட்சியைத் தாங்கும், அதற்கு எந்த மரபணு காரணம் என்று கண்டுபிடிப்பது பையனின் ஆய்வு. இரண்டு வகைச் சோளத்தைக் கலப்பு செய்து, அதன் பேரப்பிள்ளைகளை விதைத்திருந்தான். ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரு செடி போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொரு செடியிலும் இலை கிள்ளி, டிஎன்ஏ பிரித்து, எண் போட்டு எங்கள் ஃப்ரீசரில் வைத்தான். வேறு மகரந்தம் சேராமல் இருக்கக் கதிருக்குக் காகிதப்பை மாட்டி, பையின் மேல் அதே எண்ணை எழுதினான். இலையையும் கதிரையும் சேர்த்துவைப்பது அந்த எண் ஒன்றுதான். அது போனால் எல்லாம் வெறும் சோளம்.

எங்கள் வளாகத்து நிலத்தில் ஆடுகளுக்கே முன்னுரிமை என்பதால், விதைப்பு அப்பாவின் கரிசல் காட்டில் நடந்தது. இருப்பதில் நல்ல நிலத்தை மகனின் படிப்புக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருந்தார். கதிர் முற்றும் நேரத்தில் பையனை நான் ஒரு மாதப் பயிற்சிக்கு ஹைதராபாத் அனுப்பினேன். அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: “காக்கா குருவி கொத்தாம பாத்துக்கோங்க.” காக்கா குருவி ஒரு மணியைக்கூடத் தொடவில்லை. அதில் குறை சொல்ல முடியாது.

மாட்டுப் பொங்கலன்று காலையில், தோளில் ஒரு கதிர்க்கட்டோடு அப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்குதீங்க. மொதக் கதிர ஒங்களுக்குக் குடுக்காம நாங்க எப்பிடி ஒலை வைக்க? நல்லதாப் பாத்து அறுத்தாந்தேன்.”

“எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?” என்று கேட்டுக்கொண்டே வாங்கினேன். அவர் காப்பி குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

கட்டில் ஒரு கதிர் வெள்ளை, ஒரு கதிர் சிவப்பு. ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. இரண்டு கதிரை உதிர்த்து அரைத்து, தோசை வார்த்தபடியே என் கணவருக்குப் பாடம் நடத்தினேன். “ஒரே தாய்க்குப் பிறந்தவை எப்படி வேறு வேறாகப் பிரிகின்றன, பாருங்கள்! பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவான உதாரணம் கிடைக்காது.” அவர் கடலைச் சட்னியைத் தொட்டுக்கொண்டே தலையாட்டினார். மரபியலில் பல வருட அனுபவம் உள்ள எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. தோசை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அடுத்த வாரம் பையன் ஆய்வகத்துக்கு வந்தான். கையில், இஸ்திரி போட்டது போல மடித்து அடுக்கிய காகிதப்பைகள்.

“‘பேப்பர் பைய மாட்டிக் கதிர மூச்சு முட்ட வச்சிருக்கியேலே, கழட்டிப் பத்திரமா மடிச்சு வச்சிருக்கேன்’னு அப்பா சொல்லுதாவ மேடம். கதிரெல்லாம் ஒங்க வீட்லதான் இருக்காமே?”

எண்கள் பத்திரமாக இருந்தன. கதிர்களும், இரண்டைத் தவிர, பத்திரமாக இருந்தன. எந்தக் கதிர் எந்தப் பைக்குள் இருந்தது என்பது மட்டும் போய்விட்டது. அதுவும், கண்ணுக்கு நிறைவாக இருந்த கதிர்களாகப் பொறுக்கி அறுத்திருக்கிறார். வறட்சியில் நன்றாக நின்ற செடிகள் அவைதாம். அவை இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. அந்த வருடத்தோடு அவனுடைய உதவித்தொகை முடிகிறது. இன்னொரு மழைக்குக் காத்திருக்க அவன் வீட்டு நிலைமை இடம் தராது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கே குளத்தூர் போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கைப்பையை எடுத்துவிட்டேன்.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மேடம்” என்றான். “தாங்க மாட்டாவ.”

கைப்பையைக் கீழே வைத்தேன். அவனே மெல்லச் சொன்னான்: “கதிர்லருந்து விதைய எடுத்து மொளைக்க வச்சு, அந்த நாத்து டிஎன்ஏவ ஃப்ரீசர்ல இருக்க இலையோட ஒப்பிட்டுப் பாத்தா, எந்தத் தாய்க்குப் பொறந்துச்சுன்னு தெரிஞ்சிராதா மேடம்?”

“அதைத்தான் நானும் நினைத்தேன்” என்றேன்.

கோடை முழுக்க, மின்சாரம் இருந்த நேரமெல்லாம் அதே வேலைதான். ஒவ்வொரு கதிராகத் தன் பையைக் கண்டுபிடித்துக்கொண்டது. கடைசியில் இரண்டு பைகள் மட்டும் அநாதையாக நின்றன. இதற்கிடையில் கல்லூரிக்கு வந்த அப்பா, “கதிர் எப்பிடி இருந்துச்சு டீச்சரம்மா?” என்று கேட்டார். “ரெண்டு கதிர்ல தோசை சுட்டோம். ரொம்ப ருசி. மத்தத பத்திரமா வச்சிருக்கேன்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆய்வேட்டில் அது தனி அத்தியாயமாக வந்தது. அடையாளம் இழந்த செடிகளை மூலக்கூறு வழியில் மீட்பது என்று பெரிய தலைப்பு. அடையாளம் எப்படித் தொலைந்தது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அட்டவணையில் அந்த இரண்டு எண்களுக்கு நேராக, என் ஆலோசனைப்படி, ‘கள இழப்பு’ என்று போட்டிருந்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு ஊரே வேன் பிடித்து வந்துவிட்டது. அப்பா வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார். திட்டமிட்டே எண்களை நீக்கிவிட்டுச் செய்த சோதனை என்று நினைத்துக்கொண்டு, என் முன்யோசனையைப் புகழ்ந்தார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். குனிந்தபடியே இருந்திருக்கலாம், ஆனால் அவர் விடவில்லை.

“இந்த ரெண்டு செடியோட கதிர் மட்டும் எங்கே போச்சு?” என்று, சபைக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டார். பையன் என் பக்கம் திரும்பினான். அவனுக்குத் தெரியாத பதில் என்று நினைத்து அப்பா எழுந்துவிட்டார்.

“எங்கயும் போவலங்கய்யா. டீச்சரம்மாவும் அவிய வீட்டுக்காரவியளும் தோசை சுட்டுச் சாப்ட்டாவ. நாந்தான் நல்லதாப் பொறுக்கி அறுத்துக் குடுத்தேன்.”

கூடமே சிரித்தது. தேர்வாளர் ஆய்வேட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என் முன்யோசனை எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் காகிதப்பைகளின் படம் இருந்தது. அதைப் பார்த்தார், மகனின் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“ஏலே, அறுத்திருக்கக் கூடாதோ?”

அதுவரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொன்னவன், “ஒண்ணுமில்லப்பா, எல்லாம் சரியாயிட்டு. உக்காருங்க” என்றான். தேர்வாளர் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை. பட்டம் கிடைத்தது.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கும் கதிர்க்கட்டு வந்தது. இந்தமுறை அப்பா வரவில்லை, பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். கடையில் விதை வாங்கி விதைத்த சாதாரணச் சோளம்தான். ஆனால் ஒவ்வொரு கதிருக்கும் செய்தித்தாளில் பை ஒட்டி மாட்டி, நூலால் கட்டி, கோணல் மாணலாக எண் போட்டிருந்தார். என் கணவர் தோசைக்கல்லை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். எனக்குத்தான் பையைக் கழற்றக் கை வரவில்லை.