கடைச் சாவியைக் கைமாற்ற ஒரு வகுப்பு

சம்பாதிக்கச் சொல்லிக்கொடுக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. சம்பாதித்ததைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் தொழில். தானே சாப்பிடத் தெரிந்த பிள்ளைக்கும் இன்னும் ஊட்டிவிட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களே, இதில் உள்ள கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளில் துபாயின் தேரா கடைத்தெருவில் ஓங் மேடம் இந்த வகுப்பை நடத்தினார். மலேசியச் சீனப் பெண்மணி. ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழில் திட்டுவார். அங்கே கடை வைத்திருந்த சீனக் குடும்பங்களுக்கு, சொத்தையும் குடும்ப ஒழுக்கத்தையும் அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது என்று வெள்ளிக்கிழமைதோறும் பாடம். நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பத்தாவது முடித்தவள். டீ போடுவதும், வருகிறவர்களின் குழந்தைகளை என் மூன்று வயது மகளோடு சேர்த்து மேய்ப்பதும் என் டூட்டி.

எங்களைப் படாத பாடு படுத்தியவர் மிஸ்டர் சென். மாடியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு நேர் எதிரே, கீழே அவருடைய சூட்கேஸ் கடை. இதயம் சரியில்லை, கடையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் கெவினுக்குத்தான் கடை என்பது அவர் பிடிவாதம். கெவினுக்கோ ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் படிக்க ஆசை. பள்ளி விட்டதும் கல்லாவில் வந்து உட்கார்ந்து வளர்ந்த மகள் மெய்லிங் அவர் கண்ணிலேயே படவில்லை. “கெவின் சரிப்படலைன்னா பக்கத்துக் கடைக்காரனுக்கே வித்துடுவேன்” என்று வேறு சொல்லிவிட்டார். மெய்லிங் அன்று அழுததைப் பார்த்தவள் நான்.

நீண்ட பயணம்

உயிலைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் சாவு என்ற பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் செருப்பைத் தேடுவார்கள். அதனால் மேடம், “நீங்க ஒரு நீண்ட பயணம் போறீங்கன்னு வெச்சுக்குங்க. கடையை யார் பார்ப்பாங்க?” என்று கேட்பார். மற்றவர்களெல்லாம் புரிந்துகொண்டு பெருமூச்சு விட்டார்கள்.

சென் மட்டும் அசையவில்லை. அவர் சீனத்தில் சொன்னதை மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்: “ஷட்டரைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிட்டுப் போவாராம். ‘எப்படியும் திரும்பி வருவேன்ல’ன்னு கேக்குறார்!”

ஒரு திர்ஹம் சேர்த்து

சென்னுக்கு அறுபது வயது நிறைந்தது. வகுப்பிலேயே கேக் வெட்டினார்கள். வெறுங்கையோடு நிற்பது நம் வழக்கமா? ஐம்பதோடு ஒரு திர்ஹம் சேர்த்து, பளிச்சென்று புது வெள்ளைக் கவரில் போட்டு, பணிவாகக் கொடுத்தேன். கவரைப் பார்த்ததும் மிஸஸ் சென் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே எண்ணிப் பார்த்த சென், நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அவர்களுக்கு நல்ல காரியத்துக்குச் சிவப்புக் கவர், இரட்டைப்படைப் பணம். வெள்ளைக் கவரும் ஒற்றைப்படையும் எழவு வீட்டுக்கு! டாக்டர் நாள் குறித்ததை நானும் உறுதி செய்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மேடம் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார்: “தங்கச்சி, நீ மொய் வைக்கல. உயிரோட இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போட்டுட்டே!”

இரண்டு கையால் டீ

பெற்றோருக்கு மண்டியிட்டு, இரண்டு கையாலும் டீ கொடுப்பது அவர்கள் பழக்கம். துபாயில் இங்கிலீஷ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மறந்துபோயிருந்தது. மேடம் ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை வைத்தார். பத்தொன்பது வயது கெவின் ஒழுங்காக மண்டியிட்டு, தலை குனிந்து, கோப்பையை நீட்டினான். எல்லோர் கண்ணும் கலங்கியது.

சென் கோப்பையைத் தொடவில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எந்தக் காரை இடிச்சுட்டு வந்தே?”

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கடைசியில் மேடம் ஒரு பரீட்சை வைத்தார். வியாழன் சாயங்காலம் முழுக்கக் கடை பிள்ளைகள் பொறுப்பு. சென் எங்கள் ஆபீசில் உட்கார வேண்டும். கீழே இறங்கக் கூடாது. மனிதர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் கெவின் “யல்லா, கிளம்புறேன், ஜூஸ் குடிச்சுட்டு வரேன்” என்று கத்திவிட்டுக் கிளம்பியது தெரிந்தது. நான் கொண்டுபோன டீயை சென் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போது இரண்டு ரஷ்யப் பெண்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் தேராவில் அவர்கள்தான் மொத்தமாக அள்ளிப்போகிறவர்கள். பாஷை கிடையாது, கால்குலேட்டர்தான். அவர்கள் ஒரு விலையைத் தட்டினார்கள், மெய்லிங் ஒரு விலையைத் தட்டினாள். மாறி மாறி நாலைந்து முறை. பிறகு அவள் தலையை ஆட்ட, அவர்கள் வெளியே போய்விட்டார்கள். “போச்சு! கஸ்டமர் போச்சு!” என்று சென் கடைத்தெரு இந்தியில் என்னிடம் புலம்பினார். திடீரென்று எங்கள் போனை எடுத்துக் கடைக்கு அடித்தார். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, தான் ஷார்ஜாவிலிருந்து பேசும் வியாபாரி, நிறைய வாங்கினால் எவ்வளவு குறைப்பாய் என்று இங்கிலீஷில் கேட்டார். மெய்லிங்கின் பதில் எனக்கே கேட்டது: “உங்களுக்குத் தள்ளுபடி கிடையாது அப்பா. மாத்திரை போட்டாச்சா?”

அவர் போனை வைப்பதற்குள் ரஷ்யப் பெண்கள் திரும்பி வந்தார்கள், கூட இன்னும் மூன்று பேர். மெய்லிங் பழைய விலையையே தட்டிக் காட்டினாள். பேரமே இல்லை; பெட்டி பெட்டியாக வெளியேறியது. சென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார். பிறகு மேடத்தின் பேச்சைக் கேட்காமல் கீழே இறங்கினார். நானும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வாசலில் ஜூஸ் தம்ளரோடு கெவின், “கலாஸ்? முடிஞ்சுதா? அப்போ நான் ஆஸ்திரேலியா போகலாமா?” என்றான். அவனைத் தாண்டிப் போனார்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். இரண்டு கையாலும் மகளிடம் நீட்டினார். மெய்லிங்கும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அதற்குள் இன்னொரு கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கஸ்டமர் வர்ற வழியை மறைக்கிறீங்க.”

அப்பாவிடமிருந்து கடையைப் பிரிக்க எங்கள் வகுப்பு போதும், ஆனால் மறுநாளும் வந்து ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்த அப்பாவைக் கடையிலிருந்து பிரிக்க ஓங் மேடத்திடமும் பாடம் இல்லை.