நான் எழுதிக்கொடுத்த பிரிவுக் கடிதம்

செவிலிமேட்டில் என் வீட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் குமார் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இங்கிலீஷ்காரன் ஏதோ கூட்டத்துலருந்து பிரிஞ்சு வந்துட்டானாமே. டிவில அதே பேச்சா இருக்குது. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்படி ஒருவர் கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "ஒரு தெருவை எடுத்துக்கோ குமாரு" என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. "நாளைக்குப் பேப்பர்ல விவரமா போட்டிருப்பான், பாருப்பா" என்று சொல்லிவிட்டு, வாங்கப் போன வேட்டியை வாங்காமலே திரும்பிவிட்டேன். கிழவனுக்கு மறதி என்று அவர் நினைத்திருப்பார். மறதியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கஞ்சி போட்ட வேட்டியின் மேல் சூடான பெட்டி படும்போது ஒரு வாசனை எழும், உங்களுக்குத் தெரியும். எனக்கு அது வேறு ஒரு கஞ்சி வாசனையைக் கொண்டுவரும். பிள்ளையார்பாளையத்துப் பக்கம் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் வீசும் வாசனை அது. பாவு என்று சொல்லும் நீளவாட்டுப் பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வீட்டு ஆட்கள் மட்டும் போதாது, ஏழெட்டுப் பேர் வேண்டும். ஆனால் யாரும் யாரையும் போய்க் கூப்பிட மாட்டார்கள். பாவு கட்டத் தெருவில் முளைக்குச்சி அடிக்கும் சத்தம் கேட்டாலே அக்கம்பக்கத்தார் பல் துலக்கிக்கொண்டே வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது. நாளைக்கு அவர்கள் தெருவில் முளை அடிக்கும்போது இவர்கள் போய் நிற்பார்கள், அவ்வளவுதான்.

அறுபத்தைந்தாம் வருஷம் நான் அந்தப் பக்கத்தில்தான் வாடகைக்கு ஒரு மாடி அறையில் இருந்தேன். வயது இருபத்தாறு. மெல்லிய மீசையும் புது சைக்கிளும் வைத்திருந்தேன், இரண்டையும் தினமும் துடைப்பேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு தெருக்கள் சேரும் முனையில் இருந்த படிப்பகத்துக்குப் போய் உரக்கப் பேப்பர் படிப்பேன். பத்துப் பதினைந்து பேர் கேட்க உட்கார்ந்திருப்பார்கள். யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. நானே ஒரு நாள் ஆரம்பித்தேன். நிறுத்தச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

அது எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட வருஷம். தை மாதம் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. பிரிவினை பேசுவது குற்றம் என்று அதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் மாணவர்களைத் தூண்டிவிட்டார் என்று தலைமையாசிரியர் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பகத்துக்கும் புது ஆள் ஒருவர் வர ஆரம்பித்தார். குடையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, பேப்பரைத் திறக்காமல், எங்கள் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போவார். பல்லாவரத்தில் வேலை என்றார். பல்லாவரத்தில் வேலை பார்ப்பவருக்குக் காஞ்சிபுரத்துப் படிப்பகத்தில் என்ன இருக்கிறது? சாயக்காரர் முனுசாமிதான் மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தாளு செருப்பப் பாருங்க. நம்ம எல்லாருதும் வெளிய கெடக்குது. அவுருது மட்டும் தனியா, தெருவப் பாத்துக்கினு. சி.ஐ.டி.யா இருக்கும்."

முனுசாமியின் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். மணிக்கட்டு வரை பச்சை, அல்லது அரக்கு. எதையும் நம்பாத மனிதர். பேப்பரில் மழை வரும் என்று போட்டிருந்தால், யாருக்காக அப்படிப் போட்டான் என்று கேட்பார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த செய்தி வந்தது. சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தியைச் சொல்லும்போது சிங்கப்பூர்த் தலைவர் கண்கலங்கி அழுதார் என்று போட்டிருந்தது.

"அழுதுக்கினே பிரியறவன் எங்கனா உண்டா?" என்றார் முனுசாமி. "உள்ள வேற ஏதோ இருக்குது."

"புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்று சின்னத் தெருத் தணிகாசலம் கேட்டார்.

படிப்பக முனையில் சேரும் அந்த இரண்டு தெருக்களையும் சின்னத் தெரு, பெரிய தெரு என்பது பேச்சு வழக்கு. கையில் சாக்குக்கட்டி எடுத்த மாதிரி நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலேயாவைப் பெரிய தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரைச் சின்னத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. ஒரே கொடி, ஒரே ராணுவம். பெரியதில் மலாய்க்காரர் அதிகம், சின்னதில் சீனர் அதிகம். சின்னது நம்மை மிஞ்சிவிடுமோ என்று பெரியதற்குப் பயம். நமக்குப் பேசிய பங்கு வரவில்லையே என்று சின்னதற்குக் குறை. ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள்.

"குடிக்கிற தண்ணி?" என்றார் முனுசாமி.

"அது பெரிய பக்கத்துலருந்து குழாயில வருது."

"கொழா அவன் கையில இருக்குது. அப்புறம் இவன் இன்னாத்த பிரிஞ்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே செய்தியின் கீழே, பொடி எழுத்தில், பெரிய நாட்டின் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்துத்தான் சிங்கப்பூரை வெளியே விட்டார்கள் என்று இருந்தது. அவர்களாகப் போனார்களா, அனுப்பிவைக்கப்பட்டார்களா என்பதே தெளிவாக இல்லை. அதையும் சொன்னால் குழம்பும் என்று விட்டுவிட்டேன். எளிமையாகச் சொல்வது என்றால் சிலதை விட்டுவிட்டுச் சொல்வது என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.

தணிகாசலம் ஏன் சிரிக்கவில்லை என்றால், எங்கள் பகுதி முருகன் கோயிலில் கந்த சஷ்டியின் நாலாம் நாள் திருவிழாச் செலவையும் பூசையையும் அந்த இரண்டு தெருவும் சேர்ந்து ஏற்றுக்கொண்டிருந்தன. முன்பு தனித்தனி நாள். ஒரு கஷ்ட காலத்தில் சின்னத் தெரு தன் நாளை விட்டுக்கொடுத்துப் பெரிய தெருவோடு சேர்ந்தது. ஒரு வருஷம் சாமி பெரிய தெருப் பந்தலில் இறங்கும், மறு வருஷம் சின்னத் தெருவில் இறங்கும் என்பது பேச்சு. ஒன்பது வருஷமாகச் சாமி பெரிய தெருவிலேயே இறங்கி அப்படியே திரும்பிவிட்டது. தணிகாசலத்தின் அப்பா இடுப்பு விழுந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். சாமி ஒரு முறை வாசலுக்கு வந்தால் கட்டிலோடு தூக்கிவந்து காட்டிவிடலாம். மகனுக்கு வேறு ஆசை இல்லை. ஒவ்வொரு சஷ்டிக்கும் அப்பா மேளச் சத்தத்தைக் காதால் தொடர்ந்துகொண்டே கிடப்பார், அது முனை வரை வந்து தேய்ந்துவிடும் என்று தணிகாசலம் என்னிடம் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துத் தணிகாசலம் என் மாடி அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"சார், பிரியறதுன்னா அவங்க எப்பிடி எழுதிக் குடுத்தாங்க?"

சொல்லக் கூசுகிறது, எனக்கு அப்போது உண்டானது இரக்கம் அல்ல, பெருமை. என் பாடம் ஒருவரை மாடி ஏற வைத்திருக்கிறது. காகிதத்தை எடுத்து அவர் கண் முன்னாலேயே மூன்று பத்தி எழுதினேன். 'இணைந்தோம், இணைந்தபோது பேசியவை காற்றோடு போயின' என்று ஒரு வரி. அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். நம் நாளை நமக்கே திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் விஷயம்.

"உன் கையால நகல் எடுத்துக் குடு. இதைக் கிழிச்சுடு. என் பேரு வெளிய வந்தா வேலை போயிடும்பா."

"சத்தியமா வராது சார்."

எழுத்துக் கூட்டித்தான் அவருக்கு எழுத வரும். மூன்று நாள் உட்கார்ந்து நகல் எடுத்தாராம்.

பெரிய தெரு நாட்டாண்மை சபாபதி கெட்டவர் அல்ல. தணிகாசலம் கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தோடு படிப்பகத்தில் எல்லோரையும் கூட்டினார். அதற்குள் பாகிஸ்தானோடு சண்டை வந்து, ஊரில் புது முகம் எது தெரிந்தாலும் ஒற்றன் என்று பார்க்கிற நேரமாகிவிட்டது. சபாபதி சொன்னார்: "எழுத்து தணிகாசலத்துது. பேச்சு அவனுது இல்ல. நம்மளக் கலைக்கணும்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். இது வெறும் பூசை விஷயம் இல்லப்பா."

தணிகாசலம் எழுந்து நின்று, "நான்தான் எழுதினேன் மாமா. யாரும் எழுதிக் குடுக்கல" என்றார்.

"எங்க, காத்தோட போயினன்னு இன்னொருதபா சொல்லு" என்று யாரோ கேலி செய்தார்கள்.

சபாபதி கடிதத்தை என்னிடம் நீட்டினார். "சார், நீங்க படிச்சவரு, பொதுவானவரு. படிச்சுட்டு, இது யாரு நடைன்னு நீங்களே சொல்லுங்க."

படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். அந்தக் காற்று வரி வந்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்ததை இத்தனை வருஷத்துக்குப் பிறகு எப்படி மறைப்பது? படித்து முடித்தபோது குடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் முகம் நினைவுக்கு வந்தது.

"யாரோ வெளியாள் எழுதின மாதிரி இருக்கு" என்றேன்.

தணிகாசலம் என்னைப் பார்த்தார். ஒரு முறைதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கடைசிவரை என் பேரைச் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லிலிருந்து ஊர் மற்றதையெல்லாம் தானே கட்டிக்கொண்டது. தணிகாசலம் பட்டு முதலாளி ஒருவரின் கையாள் என்றார்கள். குடைக்காரரோடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். சின்னத் தெருக்காரர்களே பயந்து விலகினார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்காகத்தானே கேட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாள் இருக்கும். காலை ஆறரை மணி. பேப்பர் வந்துவிட்டதா என்று பார்க்கச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். சின்னத் தெருவில் பாவு இழுத்திருந்தார்கள், மாம்பழ நிறம். ஒரு முனையில் தணிகாசலம், மறு முனையில் அவர் மனைவி கோமளா, நடுவில் கஞ்சிச் சட்டியோடு அவர் மச்சான். வேறு ஒருவரும் இல்லை. முளை அடித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எல்லா வீட்டுக் கதவும் பாதி திறந்திருந்தது. காற்று அடித்துப் பாவு நடுவில் தொய்ந்து மண்ணைத் தொட்டது. கோமளா ஓடிவந்து தூக்கினாள், அந்தப் பக்க முனை தளர்ந்தது. இழை அறுந்துகொண்டே இருந்தது.

"சார்" என்றார் தணிகாசலம். "நடுவுல ஒரு கை புடிங்க சார்."

நான் ஒரு காலைத் தரையில் ஊன்றினேன். பாதி திறந்த கதவுகளைப் பார்த்தேன்.

"ஸ்கூலுக்கு நேரமாச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு.

சஷ்டிக்கு முன்பே அவர்கள் ஆரணிக்குப் போய்விட்டார்கள். அப்பாவை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து ஏற்றிப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. 'பிரிஞ்சு போயிட்டான்' என்று ஊரில் சொன்னார்கள். அவராகப் போகவில்லை, போகவைத்தார்கள் என்பது இரண்டு தெருவுக்கும் தெரியும். இருந்தாலும் எளிமையான கதையே எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மறு வருஷம் சபாபதி என்ன நினைத்தாரோ, சாமியைச் சின்னத் தெருவுக்குள் அழைத்துவந்தார். பூட்டிய வீட்டின் முன்னாலும் பல்லக்கு ஒரு நிமிஷம் நின்றது.

எழுபதுகளின் கடைசியில், சாயப் பட்டறை வாசலில் முனுசாமி என்னை நிறுத்தினார். கை அன்றைக்கு நீலம்.

"சார், அந்தக் கடுதாசிய யாருதான் எழுதினது?"

"யாரோ வெளியாளாத்தான் இருக்கும்பா. இப்ப எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. தணிகாசலம் எழுத்து கோழி கிளர்ன மாதிரி இருக்கும். அவன் எழுதினத அவனே நின்னு நின்னுதான் படிப்பான். நீங்க அன்னிக்கு ஒரு எடத்துலயும் நிக்கலியே சார்."

 சொல்லிவிட்டுத் தொட்டியில் கையை விட்டுக் கழுவ ஆரம்பித்தார். அந்தச் சாயம் கழுவினால் போகாது என்று அவருக்குத் தெரியும். எனக்கு முகம் கொடுக்காமல் இருக்கத்தான் கழுவினார்.

ஆரணிக்கு இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். திருவண்ணாமலைக்குப் போகும்போது நாலைந்து முறை அந்த ஊர் ஸ்டாண்டில் என் பஸ் நின்றிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

முனுசாமி காலமாகிவிட்டார், அதற்கு முன்பே சபாபதி. படிப்பகம் இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. நாலாம் நாள் பூசையை ஒரு ஜவுளிக்கடை ஏற்றுக்கொண்டுவிட்டதால் பெரிய தெரு, சின்னத் தெரு என்ற பேச்சே இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கேட்டுச் சிரிக்கவோ காறித் துப்பவோ ஒருவர் மிச்சமிருந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அப்படி ஒருவரும் இல்லை. இப்போது இருப்பவர்களிடம் தணிகாசலத்தின் கடிதத்தை எழுதியது நான் என்றால், எந்தக் கடிதம் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். எந்தத் தணிகாசலம் என்றுதான் கேட்பார்கள்.